புலிமான்கோம்பைக் கற்கள் எவருடையவை?

(தேனியில் கூடிய தமிழன்பர் அவையில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



தோட்டத்தில் ஒரு பழம்பொருள் வெளிப்படுகிறது. கிணறு வெட்டும்போதோ, தென்னங்கன்றுக்குக் குழியெடுக்கும்போதோ, கொடிமுந்திரிப் பந்தலுக்குக் கல்தூண் நடும்போதோ (திராட்சை என்னும் அயற்சொல்லால் இன்று வழங்குவது கொடிமுந்திரியே) மண்வெட்டி எதிலோ மோதுகிறது. ஒரு தாழியின் விளிம்பு. கருப்பும் சிவப்புமான ஒரு கலயம். கீறல் விழுந்த ஒரு கல். 'இஃது என்ன? யாருடையது? எங்கிருந்து வந்தது?' என்னும் மூன்று வினாக்கள் அங்கு நிற்பார் எல்லார்க்கும் எழுகின்றன. விடை மட்டும் ஆளுக்கொன்றாக வருகிறது. பாண்டவர் வாழ்ந்த காலத்துப் பொருள் என்பார் ஒருவர். வெள்ளையர் புதைத்துச் சென்றது என்பார் மற்றொருவர். புதையல் என எண்ணி இரவோடிரவாக ஆழத் தோண்டுவார் மூன்றாமவர். நான்காமவர் அதன்மேல் மஞ்சளைப் பூசிப் பொட்டிட்டுத் தெய்வமாக்கிவிடுவார். தெய்வமான பின் அதனைத் தொட்டுப் பார்க்கவும் எவரும் துணியார்.

இவ்வினாக்களுக்கு ஊகத்தால் அன்றிச் சான்றால் விடைகண்ட நிகழ்ச்சியொன்று இம்மாவட்டத்திலேயே உண்டு. திருவள்ளுவர் ஆண்டு 2037-இல், அஃதாவது கி.பி. 2006-இல், ஆண்டிப்பட்டி வட்டத்தில் வையையாற்றின் பாங்கரிலுள்ள புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில், எழுத்துப் பொறித்த மூன்று கற்கள் கண்டறியப்பட்டன. கண்டவர்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டு, தொல்லியல் துறையினர், பேராசிரியர் கா. இராசனும் அவர்தம் ஆய்வு மாணவராகிய யத்தீசுகுமார், செல்வகுமார் ஆகியோரும். அதுகாறும் தமிழ்நாட்டில் எழுத்துடன் கிடைத்த நடுகற்களுள் பழமையானவை தருமபுரி, செங்கம் பகுதிகளின் வட்டெழுத்துக் கற்களே. அவை கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளுக்கு முற்பட்டன அல்ல. புலிமான்கோம்பைக் கற்களோ கிறித்துவுக்கு முற்பட்டன. எந்த நூற்றாண்டு என்பதில் அறிஞர் வேறுபடுவர். ஒருசாரார் கி.மு. நான்கு, மூன்றாம் நூற்றாண்டு என்பர்; மற்றொரு சாரார் இரண்டாம் நூற்றாண்டளவில் நிறுத்துவர். எவ்வாறாயினும், தமிழ் நடுகல்லின் அகவை ஒரே நாளில் ஐந்நூறு ஆண்டுக்குக் குறையாமல் பின்சென்றது.

ஊர்ப்பெயரை முதற்கண் நோக்குக. மலைகள் வளைந்து நிற்க அவற்றினுள் அடங்கிய பள்ளநிலத்தைக் கோம்பை என்பது மேற்கு மலையடிவார மக்களின் வழக்கு. உத்தமபாளையத்தை அடுத்துக் கோம்பை என்றே ஓர் ஊர் உண்டு. வேட்டை நாயால் அவ்வூர்ப் பெயர் நாடறிந்தது. புலியும் மானும் கோம்பையும் சேர்ந்த பெயர், அகரமுதலியைப் புரட்டாமலே பொருள் விளங்குவது. இத்தகைய பெயர்களை வடசொல்லாக்கி அதற்கொரு தொன்மக் கதையும் கட்டிவிடும் தீவினை இவ்வூரை அணுகாதது நற்பேறே.

கற்கள் கண்ணைக் கவர்வன அல்ல. ஆளுயரமும் இல்லாதவை. பிற்கால நடுகற்களில் வில்லும் அம்பும் ஏந்திய மறவன் உருவம் இருக்கும். அவன் காலடியில் ஆவும் இருக்கும். இவற்றிலோ உருவமே இல்லை. எழுத்து மட்டும் உண்டு. எழுத்தும் இன்றைய தமிழெழுத்தன்று. கோடுகளும் வளைவுகளுமாகிய தமிழி. பிராமி என்றும் தமிழ்ப் பிராமி என்றும் ஆய்வாளர் கூறுவது இதனையே. அறியாதார் கண்ணுக்கு அஃது உழுபடையின் கீறல். துவைகல்லாகவோ வாய்க்காலின் குறுக்கே போடும் பலகைக்கல்லாகவோ போயிருக்கத் தக்க கற்கள் இவை. அவ்வாறு போன கற்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ!

இவை எம்மொழியார் நட்ட கற்கள் என்பதை எழுத்தே காட்டிவிடும். தமிழி எழுத்தும் வடநாட்டுப் பிராமியும் தோற்றத்தால் உடன்பிறந்தவை போன்றவை. எது எதற்கு மூத்தது என்னும் வழக்கு இன்றும் முடியவில்லை. ஆயினும் ழ, ள, ற, ன என்னும் ஒலிகளுக்குத் தமிழியில் தனிவடிவங்கள் உண்டு. அதனினும் வலிய சான்று சொல்லீறு. அந்நாளில் வடக்கே கல்வெட்டுகளில் வழங்கிய மொழி பாகதம். பாகதத்தில் ஒரு சொல் உயிரில் முடியும், மூக்கொலியில் முடியும், ல், ர், ள், ன் என்னும் மெய்களில் முடியாது. இனிப் புலிமான்கோம்பையின் முதற்கல்லைப் படியுங்கள்:

'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'

ஏழு சொற்கள். பேடு ஒன்று நீங்கலாக ஆறும் மெய்யீறு. கல், தீயன், அந்தவன், கூடல், ஊர், ஆகோள். உள்ளூர் ஐந்தாம் வகுப்புச் சிறுவனிடம் இவற்றை எழுதிக் காட்டினால் கல்லையும் ஊரையும் கூடலையும் அவன் படித்துப் பொருளும் சொல்வான். இரண்டாயிரத்து நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய ஓர் எழுத்துச் சான்றைத் தாய்மொழியறிவு ஒன்றைக் கொண்டே அங்காடித்தெருவில் நிற்பவன் பாதிக்குமேல் உணர்ந்துகொள்வது உலகில் எத்தனை மொழிகளில் இயலும்?

அச்சிறுவன் தடுமாறும் சொல் ஒன்று உண்டு. அஃது ஆகோள். கல்லின் உயிர்நிலையே அச்சொல்தான்.

ஆ என்பது மாடு. கோள் என்பது கொள்ளுதல். கொள் என்னும் வினைமுதனிலை கோள் என நீண்டு தொழிற்பெயராகும். கெடு என்பது கேடு ஆவதும், படு என்பது பாடு ஆவதும் போல. ஆகவே ஆகோள் எனின் ஆக்களைக் கவர்ந்து கொள்ளுதல். இது பேச்சுவழக்கில் விழுந்து கிடந்த சொல்லன்று. தொல்காப்பியர் புறத்திணையியலில் வெட்சித் துறைகளுள் ஒன்றாக வைத்துப் பெயர்கூறிய சொல். போரைத் தொடங்குவான் ஒருவன் பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. அப்போரில் வீழ்ந்தவனுக்குத் தக்க கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, பெயரும் பீடும் பொறித்து, படையலிட்டு வாழ்த்தும் முறையையும் அந்நூல் வகுத்துக் கூறுகிறது.

இலக்கண நூலிலே கூறப்பட்டது வெறுங்கற்பனை, புலவர் மனத்தில் எழுந்த பொய்யுலகம் என்று எழுதியோர் இருந்தனர். வெட்சியும் கரந்தையும் பாட்டில் மட்டுமே நடந்த போர்கள் என்றனர். நூலில் உள்ள துறைப்பெயர், எழுத்துக்கு எழுத்து அப்படியே, ஆண்டிப்பட்டிக் காட்டில் ஒரு மறவனின் கல்லில் நிற்கிறது. நூலைப் பார்த்துக் கல்லை வெட்டியிருப்பாரோ எனின், அது நடவாத செயல். கல்லை நட்டவர் புலவர் அல்லர், ஆயர் மறவர். வாழ்க்கையில் வழங்கிய சொல்லையே நூலும் எடுத்துக்கொண்டது. அதே சொல்லைக் கல்லும் எடுத்துக்கொண்டது.

எனினும், கல்லைப் படித்துவிட்டதனால் எல்லாம் விளங்கிவிட்டதாகக் கொள்வது தவறு. 'கூடல் ஊர் ஆகோள்' என்பது தொகை. தொகையை விரிக்கும் வழி பல. கூடலூரின்கண் நிகழ்ந்த ஆகோள் என்று விரிக்கலாம். கூடலூரார் வந்து நிகழ்த்திய ஆகோள் என்று விரிக்கலாம். கூடலூரின் ஆக்களைப் பிறர் கொண்டது என்றும் விரிக்கலாம். முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் அந்தவன் ஆக்களைக் கவரச் சென்று வீழ்ந்தவனாகலாம். காத்து நின்று வீழ்ந்தவனும் ஆகலாம். இரண்டாம் வகையில் அவன் தன்னூர் ஆக்களைக் காக்க நின்ற கரந்தை மறவன். பிற்காலக் கல்வெட்டுகளில் 'தொறுக்கொண்டு பட்டான்', 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வேற்றுமை தெளிய எழுதினர். தொறு என்பது ஆநிரை. இம்முதற்கல்லிலோ பட்டான் என்னும் வினைமுற்றே இல்லை. அவனை அறிந்தோர்க்கு அது வேண்டியதாகவும் இல்லை.

பேடு என்பது அந்தவனின் ஊர் என்பர் ஆய்வாளர். கோயம்பேடு முதலிய ஊர்ப்பெயர்களில் அவ்வீறு இன்றும் உண்டு. அந்தவன் என்னும் பெயரைக் கண்டவுடன் கழகப் பனுவல் பயின்றார்க்கு அந்துவன் என்னும் பெயர் நினைவில் எழும். நல்லந்துவனார், அந்துவன் கீரன், அந்துவஞ்சேரல் இரும்பொறை என அப்பெயர் புலவர்க்கும் அரசர்க்கும் வழங்கியது; திருப்பரங்குன்றக் குகைக் கல்வெட்டிலும் அந்துவன் ஒருவன் உளன். இரண்டும் நெருங்கிய பெயர்கள். ஒன்றே என அறுதியிட்டுக் கூறக் கல்லின் எழுத்து இடந்தரவில்லை. தீயன் என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்ன குலத்தான் என்று உரிமை கொண்டாடப் புறப்படுவாரும் உளர். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு பெயர்ச்சொல்லை இன்றைய குலப்பட்டியலில் ஏற்றுவது ஆய்வாகாது.

கூடலூர் எது? கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இவ்வினாவே பெரிது. பள்ளத்தாக்கின் தென்கோடியில், கேரள எல்லையை ஒட்டி, பெரியாற்று நீர் மலையிறங்கி வரும் வாயிலில், கூடலூர் என ஓர் ஊர் இன்றும் உள்ளது. கல்லிற் குறித்த கூடல் ஊர் இதுவாகலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அங்ஙனம் கொள்வதற்குத் தடை இல்லாமல் இல்லை. கூடல் என்பது ஆறுகளோ வழிகளோ கூடுமிடம். ஆதலின் கூடலூர் என்னும் பெயர் தமிழ்நாட்டில் பல. நீலமலையில் ஒன்றுண்டு. இன்றைய கடலூரும் கூடலூரே என்பர். ஐங்குறுநூற்றைத் தொகுத்த கூடலூர் கிழாரின் ஊர் எது என்பதிலும் அறிஞர் ஒத்திலர். எல்லாவற்றுக்கும் மேலாக மதுரைக்கே கூடல் என்பது பெயர்.

மதுரை என்பார் கூற்றை முதலில் விலக்கலாம். மதுரையைச் சுட்டுமிடத்துக் கூடல் என்றும் நான்மாடக்கூடல் என்றும் பனுவல்கள் கூறுமேயன்றி, ஊர் என்னும் சொல்லை ஒட்டிக் கூடலூர் என்று கூறும் வழக்கு இல்லை. மேலும் ஆகோள் நிகழ்தற்குரிய களம் மதிலும் அகழியும் சூழ்ந்த தலைநகர் அன்று; மேய்ச்சல் நிலத்தின் விளிம்பே. நீலமலையும் கடற்கரையும் புலிமான்கோம்பையிலிருந்து மிகச் சேய்மையானவை. மாடு பிடிக்கச் செல்வார் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பவும் வேண்டும் அன்றோ! எஞ்சுவது வையையின் துணையாறுகள் பாயும் இப்பள்ளத்தாக்கின் கூடலூரே. மாடும் இங்குக் குறைவில்லை. மேகமலை, வருசநாட்டு மலைச் சரிவுகளில் கூட்டங்கூட்டமாக மேய்ந்து வளர்ந்த மலைமாடு இம்மாவட்டத்துக்கே உரிய அடையாளம். கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாட்டுப்பொங்கலன்று உயிருள்ள காளையையே வணங்குவதைக் காண ஊரார் திரள்வர். இவையெல்லாம் கூடலூரை நெருக்கமாகச் சுட்டுகின்றன. முடிந்த முடிபாக்குவதற்கு அவ்வூர் மண்ணிலிருந்தே பழஞ்சான்று ஒன்று வெளிப்படல் வேண்டும். அதுவரை 'ஆகலாம்' என்னும் சொல்லை 'ஆகும்' என மாற்றி எழுதுதல் கூடாது.

மற்ற இரு கற்களுள் ஒன்றில் 'வேள் ஊர் அவ்வன் பதவன்' என்பது தெளிவாக உள்ளது. வேளூரைச் சேர்ந்த ஒருவனின் பெயர். இன்னொன்று சிதைந்தது, ஊர் என்பதும் கல் என்பதும் தெரிகின்றன, பெயரின் தொடக்கம் போய்விட்டது. பின்னர்த் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்துத் தாதப்பட்டியிலும் தமிழி பொறித்த நடுகல்லொன்று கிடைத்தது. அதிலும் கல் என்னும் சொல் உண்டு. ஆகவே இஃது ஓரூரின் விந்தையன்று. வையை வெளியெங்கும் இருந்த வழக்கம்.

இங்கே ஒன்றை உள்ளத்தில் வைத்தல் வேண்டும். மதுரையைச் சூழ்ந்த குன்றங்களிலும் தமிழிக் கல்வெட்டுகள் உண்டு. 1882-இல் இராபர்ட்டு சீவெல் கண்ட மாங்குளம் முதலாக அவை பலவும் சமண முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தோரின் பெயர்களைக் கூறுவன. அவற்றின் மொழி தமிழேயாயினும் முனிவரின் சமயத்தோடு வந்த பாகதச் சொற்கள் ஆங்காங்கே கலந்துள்ளன. அதனைக் காட்டி, 'வடவர் வந்து எழுத்தறிவித்த பின்னரே தமிழர் எழுதினர். அதுவும் முனிவர்க்கும் வணிகர்க்கும் அரசர்க்கும் உரிய கலையாகவே இருந்தது' என்று முடிவுகட்டினார் பலர். புலிமான்கோம்பைக் கற்களில் முனிவர் இல்லை. அரசன் பெயர் இல்லை. கொடைச் செய்தி இல்லை. மாட்டுப்போரில் வீழ்ந்த ஒரு சிற்றூரானின் பெயர், அவன் ஊரின் பெயர், போர் நடந்த ஊரின் பெயர். நட்டார் எழுதத் தெரிந்தவராகவோ எழுதுவாரை ஊருக்குள் உடையவராகவோ இருந்தனர். அதைப் படிப்பாரும் இருந்தனர். படிக்க ஆளில்லாத ஊரில் கல்லில் எழுதி என்ன பயன்? எழுத்துத் தமிழ் மக்களிடையே எத்துணைப் பரவியிருந்தது என்பதற்கு இக்கற்களினும் சிறந்த சான்று அரிது.

ஒரு பொருளின் பிறப்பிடத்தைக் காட்ட வேண்டிய சான்றுகள் இரண்டு: ஒன்று அதன்மேலுள்ள சொல், மற்றொன்று அது கிடந்த இடம். சொல் தனித்து நின்றால் எவ்வளவு தடுமாற்றம் நேரும் என்பதைக் கடல்கடந்த இரு பொருள்கள் காட்டும்.

தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குவான் லுக் பாத் என்னும் பழந்துறையில், சிறிய கல்லொன்று கிடைத்தது. அதில் தமிழியில் 'பெரும் பதன் கல்' என்று எழுதியுள்ளது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டினது என்பர். புலிமான்கோம்பையிலும் கல், அங்கும் கல். சொல் ஒன்றே. ஆயினும் புலிமான்கோம்பைக் கல் நடுகல். தாய்லாந்துக் கல் பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். பெரும்பதன் என்பான் பொற்கொல்லன். கல்லின் அளவும் இயல்பும் கிடைத்த துறையின் தன்மையும் தெரிந்திராவிட்டால், அங்கே ஒரு தமிழ் மறவன் வீழ்ந்தான் என்று கதை கட்டியிருப்பார் நம்மவர்.

மற்றொன்று நியூசிலாந்தில் கிடைத்த வெண்கல மணி. 1836-ஐ ஒட்டிய காலத்தில் வில்லியம் கொலன்சோ என்னும் கிறித்தவத் தொண்டர் அந்நாட்டின் வடபகுதியில் மாவோரி மக்களிடம் அதனைக் கண்டார். காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்று கூறி, அதில் அவர்கள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனர். விளிம்பு உடைந்த மணி, சுற்றிலும் எழுத்து. அஃது என்ன எழுத்து என்பது அங்கு எவர்க்கும் தெரியவில்லை. பின்னர்த் தமிழறிந்தார் படித்தபோது, முகையதீன் என்னும் பெயருடைய ஒருவரின் கப்பல் மணி என்பது வெளியாயிற்று. இன்று வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. மொழி எது என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது; உடையவர் யார் என்பதற்கும் கிடைத்துவிட்டது. எந்தக் கப்பல், எப்போது, எவ்வழியாக என்பவற்றுக்கு இன்றுவரை விடையில்லை. மரத்தடியில் மணியோடு வேறு என்ன இருந்தது, எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதைக் கண்டு குறித்தவர் இலர். கப்பல் உடைந்து கரையொதுங்கியதா, கைமாறிக் கைமாறி வந்ததா? மணியைக் கொண்டே தமிழர் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தனர் என்று முழங்குவார் உளர். மணி அவ்வளவு பேசவில்லை.

புலிமான்கோம்பையில் சொல்லும் கிடைத்தது. இடமும் ஓரளவு கிடைத்தது. கற்கள் வெளிப்பட்டது பெருங்கற்கால ஈமக்காட்டில். கல்வட்டங்களும் கல்லறைகளும் நிறைந்த அப்பரப்பு, வேளாண்மைக்கு நிலம் திருத்திய காலத்தில் பெரிதும் சிதைந்து போயிற்று. இறந்தாரைப் புதைத்து நெடுங்கல் நிறுத்திய பழைய வழக்கமே வளர்ந்து எழுத்துடைய நடுகல் ஆயிற்று என்னும் கருத்துக்கு இவ்விடமே அடிப்படை. கற்கள் நட்ட இடத்திலேயே, கீழுள்ள கல்லறையோடு கிடைத்திருக்குமாயின் எலும்பும் கலயமும் இரும்பும் உடன்கிடைத்திருக்கும். காலக்கணிப்பில் அறிஞர் இன்று கொண்டுள்ள வேறுபாட்டுக்கும் இடமிருந்திராது. இருநூறு ஆண்டு வழக்காட்டுக்கு விடை அந்தக் குழிக்குள் இருந்தது.

பொருள் இடம்பெயர்ந்தால் நேரும் இழப்புக்கு ஆதிச்சநல்லூர் தக்க காட்டு. 1876-இல் செருமானியராகிய யாகோர் அங்கு அகழ்ந்து எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பொருநைக் கரையில் பிறந்த தமிழன் தன் முன்னோரின் கலத்தைக் காணக் கடல்கடக்க வேண்டிய நிலை. வெளிநாட்டார் கொண்டுசென்றதைக் குறைகூறும் வாய், உள்ளூர்த் தோட்டத்தில் மண்ணள்ளும் பொறியைக் கொண்டு (சேசிபி என மக்கள் வழங்குவது) ஒரு காலைப்பொழுதில் பத்துத் தாழிகளை நொறுக்கி வரப்புக்கு மண்ணாக்குவதைக் குறைகூறுவதில்லை. பெர்லினில் உள்ளது என்றேனும் பார்க்கக் கிடைக்கும். வரப்பில் போனது போனதே.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உண்டு. கீழடி எனின் இன்று அறியாதார் இலர். அதுவும் ஒரு தென்னந்தோப்பே. 1970-களில் அவ்வூர்ப் பள்ளியின் வரலாற்றாசிரியர் ஒருவர், கிணறு தோண்டிய இடத்தில் வெளிப்பட்ட பழம்பொருள்களின் அருமையை உணர்ந்து தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். உடனே எதுவும் நடந்துவிடவில்லை; ஏறத்தாழ நாற்பதாண்டு கழிந்தது. 2013, 2014 ஆண்டுகளில் நடுவணரசின் தொல்லியல் துறையைச் சார்ந்த அமர்நாத் இராமகிருட்டிணன் குழுவினர் வையையின் தலைப்பகுதியாகிய தேனி மாவட்டம் தொடங்கி, ஆறு கடல்நோக்கி முடியும் இராமநாதபுர மாவட்டம் வரை இருகரையும் ஊர் ஊராக ஆய்ந்து, 293 இடங்களைப் பட்டியலிட்டனர். அவற்றுள் ஒன்று கீழடி. 2015-இல் அகழாய்வு தொடங்கிற்று. பின்னர்த் தமிழ்நாட்டரசுத் தொல்லியல் துறை அகழ்ந்து, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 எனக் கண்டு 2019-இல் வெளியிட்டது. குவிரன், ஆதன் முதலிய பெயர்கள் அங்கே பானையோடுகளில் வந்தன. ஆழம் இத்தனை, அடுக்கு இது, உடன்கிடந்தவை இவை என்று எழுதிவைத்ததனால்தான் எதிர்ப்பாரும் அக்காலக்கணிப்பை எளிதில் தள்ளமுடியவில்லை. தென்னந்தோப்பு உடையோர் நிலத்தைத் திறந்துவிட்டிராவிட்டால் அதுவும் நடந்திராது.

293 இடங்களுள் அகழ்ந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கன. எஞ்சியவற்றுள் பல இம்மாவட்டத்து உழவர்தம் தோட்டங்களிலும் கொடிக்கால்களிலும் இருக்கின்றன. தொல்லியல் துறை வந்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்னும் அச்சம் உழவரிடம் உண்டு. அவ்வச்சம் முழுவதும் பொய்யெனத் தள்ளத்தக்கதன்று. அதனாலேயே கண்டதை மறைப்பதும் உடைப்பதும் நிகழ்கின்றன. ஆதலின் சட்டம் கூறுவதைத் தெளிவாக அறிதல் நன்று. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்பட்ட பத்து உரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கண்டவர், அஃது எத்தகையது, எங்கே கிடைத்தது, எந்நாளில் கிடைத்தது என்பவற்றை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும். உடையவர் இல்லாத பொருளாயின் கண்டவர்க்கு முக்காற்பங்கும் நிலத்தார்க்குக் காற்பங்கும் சேரும். அரசே எடுத்துக்கொள்ளுமாயின் பொருளின் மதிப்போடு ஐந்திலொரு பங்கும் கூட்டித் தரும். ஆங்கிலேயர் பொன்னை எண்ணி இயற்றிய சட்டம் இது. பொன்னாயின் எடைக்கு விலை உண்டு. ஆகோள் என்று எழுதிய கல்லுக்கும் ஆதன் என்று கீறிய ஓட்டுக்கும் அச்சட்டத்தின் கணக்கில் என்ன விலை? கல்லுக்குக் கல்விலை, ஓட்டுக்கு ஒன்றுமில்லை. இக்குறையைச் சட்டமியற்றுவோர் நீக்கி, எழுத்துடைய பொருளைக் கண்டு அறிவிப்பார்க்குத் தகுந்த பரிசும் நிலத்துக்குப் பாதுகாப்பும் வழங்கினால், மறைக்கும் கைகளே கொண்டுவந்து காட்டும்.

தனித்தமிழ் அன்பர்க்கு ஒரு சொல். தமிழின் தொன்மையைக் கூறுமிடத்துச் சான்றுக்கு மேல் ஒரு நாளும் ஏற்றிச் சொல்லுதல் ஆகாது. புலிமான்கோம்பைக் கல் பத்தாயிரம் ஆண்டுப் பழமையது என்று சுவரொட்டி அடித்தால், அடுத்த நாளே பகைவன் அதனைப் பொய்யென நாட்டுவான். பொய்யென நாட்டப்பட்டது பத்தாயிரம் என்னும் எண் மட்டும் அன்று, ஆகோள் என்னும் மெய்ச்சொல்லும் அதனோடு சேர்ந்து இழுக்குண்ணும். உள்ளது போதும். கிறித்துவுக்கு முன், மலையடிவாரத்தில், ஊரார் நட்ட கல்லில், கலப்பற்ற தமிழ். இதனைக் கூறவே நமக்கு வேண்டிய அளவு வாயிருக்கிறது.

செய்யவேண்டியது இதுவே. தோட்டத்தில் பழம்பொருள் தென்பட்டால் தோண்டுவதை நிறுத்துக. கழுவாதீர், தேய்க்காதீர், எழுத்தின்மேல் சுண்ணமோ மஞ்சளோ பூசாதீர். பொருளை எடுக்குமுன் அதனருகே ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுக்க. இன்று கைப்பேசி இல்லாத உழவர் யார்? நிலத்தின் அளவை எண், தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், அருகே சாம்பலோ எலும்போ கலயமோ இருந்தனவா என்பவற்றை ஒரு தாளில் எழுதுக. வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க. ஊர்ப்பள்ளித் தமிழாசிரியரைக் கூட்டிவந்து காட்டுக. தமிழி எழுத்தின் நெடுங்கணக்கைக் கற்க அவர்க்கு ஒரு கிழமை போதும்.

கூடலூர் முதல் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை ஆற்றின் இருகரைக் கழனிகளிலும் மலையடிக் கோம்பைகளிலும் கிடக்கும் பலகைக்கற்களை ஊர்தோறும் இளைஞர் நால்வர் கூடிப் பார்வையிடல் வேண்டும். துவைகல், வாய்க்காற்கல், மாட்டுத்தொழுவத்துக் கல், எல்லைக்கல் எதனையும் விடாமல், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பார்க்க. உச்சிவெயிலில் கீறல் தெரியாது. கீழே கவிழ்ந்து கிடக்கும் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க. பேடு என்னும் ஊர் எங்கிருந்தது, வேளூர் எது என்பவை இன்னும் விடையில்லாத வினாக்கள்.